ஏரியின் பருவமும் வங்கியின் தவணையும்

பழவேற்காட்டு ஏரியை நம்பி ஜீவனம் நடத்துகிற குடும்பங்களுக்குப் பணம் வருகிற பஞ்சாங்கம் ஒன்று. பணம் போகிற பஞ்சாங்கம் வேறொன்று. வடகிழக்குப் பருவமழை பொழிந்து, வெள்ளம் மணல்மேட்டை உடைத்து முகத்துவாரத்தைத் திறந்துவிட்டால், கடல்நீரோடு இறாலும் மீனும் ஏரிக்குள் ஏறும். கோடையில் மணல் சேர்ந்து அதே முகத்துவாரம் அடைபட்டுப் போனாலோ, விடியுமுன் வீசிய வலை வெறுமையாகக் கரைக்கு வரும். ஆனால் பள்ளிக்கூடக் கட்டணமும், என்ஜினுக்கு வாங்கிய கடனின் மாதத் தவணையும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வருவதில்லை. இந்த இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையே இந்தக் கரையின் கடனுக்கெல்லாம் மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். மீனவருக்குச் சிக்கனம் தெரியாது என்று சொல்கிறவர்கள், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்களாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற முறைப்படி, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்று ஏரியின் நீர்ப்பரப்பையே கிரமமாகப் பங்கிட்டுக்கொள்கிற வழக்கம் தலைமுறைகளாக நிலவிவருகிறது. இத்தனை நுட்பமாக நீரைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த ஜனங்கள், கடனென்று வருகிறபோது கையில் அகப்பட்டதை வாங்கிக்கொள்ள நேர்வது அறியாமையால் அன்று, அவசரத்தால்தான்.

அந்த அவசரத்திற்கு முதலில் கைகொடுப்பது தண்டல் என்கிற தினவசூல் கடன். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேசி, ஆயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் தந்து, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிக்கிற ஏற்பாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, நூற்றுக்குப் பத்துதானே என்று தோன்றும். ஆனால் அசல் தினந்தோறும் குறைந்துகொண்டே வருவதையும், தவணை நூறு நாளில் முடிந்துவிடுவதையும் கணக்கிற்கொண்டு பார்த்தால், வருஷ வட்டி நூற்றுக்கு எழுபத்தைந்தையும் தாண்டிவிடுகிறது. வியாபாரி தருகிற முன்பணமோ இதைவிட நாசூக்கானது. அதற்கு வட்டி என்ற பெயரே கிடையாது. பிடித்த இறாலை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்து வைத்துக்கொண்டால், வருஷத்தில் ஐந்நூறு கிலோ போடுகிறவர் பத்தாயிரம் ரூபாயை வட்டியாகக் கொடுத்தவராகிறார். அசலோ அப்படியே நிற்கிறது!

இந்தத் துயரத்திற்கு உபாயம் தேடியவர்களில் ஒருவர் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி. சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகளை ஏற்படுத்துவது பற்றி 1895ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் அறிக்கைகள் எழுதிய அவரே, பிற்பாடு இந்த மாகாணத்தின் மீன்வளத் துறைக்கும் அஸ்திவாரம் இட்டவர். அந்த யோசனையின் தொடர்ச்சியாக, பழவேற்காடு அடங்கிய இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூர் கிராமத்தில்தான் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று பதிவாயிற்று. நாட்டிலேயே அது முதலாவது என்று சொல்வதுண்டு.

இப்போது வங்கிகளில் மீனவருக்கென்று இருக்கிற சாதனங்களில் மிகவும் பிரயோஜனமானது கிசான் கிரெடிட் கார்டு. பெயரைப் பார்த்து உழவருக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி விதிகளை வகுத்து, இதை மீனவர்களுக்கும் மீனவ மகளிர் குழுக்களுக்கும் விஸ்தரித்திருக்கிறது. படகு வாங்க அல்ல, டீசல், ஐஸ், கூலி முதலிய நடைமுறைச் செலவுக்கான கடன் இது. வட்டி நூற்றுக்கு ஏழு. குறித்த காலத்தில் திருப்பிக் கட்டினால் அதில் மூன்று தள்ளுபடியாகி நான்கே நிற்கும். ஐம்பதாயிரம் ரூபாயை ஒரு வருஷம் முழுதும் வைத்திருந்தாலும் இரண்டாயிரம் ரூபாய்தான் வட்டி. எடுத்த தொகைக்கு, எடுத்திருந்த நாட்களுக்கு மட்டுமே வட்டி ஓடும். கட்டிவிட்டு மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. இவையெல்லாவற்றையும்விட விசேஷமானது, தொழிலில் வருமானம் வருகிற போக்கை அனுசரித்தே திருப்பிக் கட்டும் தவணையை நிர்ணயிக்க வேண்டும் என்று அந்த விதிகளிலேயே காணப்படும் வாசகம். அதாவது, முகத்துவாரம் திறந்து இறால் ஏறுகிற மாதங்களில் தவணையை வைத்துத் தருமாறு மேலாளரிடம் கேட்பது யாசகம் அன்று, பாத்தியதை. மனுவிலேயே அதை எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

இன்சூரன்ஸ் விஷயத்திலும் இந்தப் பஞ்சாங்கக் கோளாறு குறுக்கிடுகிறது. வருஷத்திற்கு 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் தருகிற பிரதம மந்திரியின் இரு திட்டங்களும் ஜூன் முதல் தேதி தொடங்கி மே 31இல் முடிகின்றன. ஆகவே பிரீமியத்தை வங்கி தானாகவே பிடித்துக்கொள்வது மே மாதக் கடைசியில். ஏரி வற்றிய கோடையும் அதுதான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விதிக்கப்படுகிற மீன்பிடித் தடைக்காலமும் அதுதான். கணக்கில் அந்த வாரம் பணமில்லாவிட்டால் பாலிசி ஓசையின்றிக் காலாவதியாகிவிடும். வீட்டாருக்கு அது தெரியவருவது, அசம்பாவிதம் ஏதேனும் நேர்ந்த பிறகுதான். தடைக்கால நிவாரணமாக அரசு தருகிற எட்டாயிரம் ரூபாய் வந்ததும் மொத்தமாக எடுத்துவிடாமல், இரண்டு பிரீமியத்திற்கும் சேர்த்து 456 ரூபாயைக் கணக்கிலேயே விட்டுவைக்க வேண்டும். நிவாரணம் தாமதமாகக் கூடுமானால், ஏப்ரல் பிறக்குமுன் கைப்பணத்திலிருந்தே அதைக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். வங்கிக்குப் போகிற அன்றே, வாரிசுதாரராகப் பதிந்திருக்கிற பெயர் இன்றைக்கும் சரியானதுதானா என்பதையும் பாஸ்புத்தகத்தை நீட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.