தலைமடையும் கடைமடையும்

நற்செய்தி: லூக்கா 18:9-14



ஆகஸ்ட் 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழா. அந்த நாள்களில் காவி உடுத்திய நடைப்பயணிகள் நம் தஞ்சாவூர்ச் சாலைகளில் அணி அணியாகக் கிழக்கே செல்வதைக் காண்கிறோம். கால் கொப்பளிக்க, செபமாலை சொல்லிக்கொண்டு நடப்பது நல்ல தவமுயற்சி. அதைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை.

ஆனால் நம் தவறு ஒன்றை முதலில் அறிக்கையிட வேண்டும். ஓர் ஆண்டு, நடந்து சென்று வந்தவர்களின் பெயர்களைத் திருப்பலி முடிவில் வாசித்துப் பாராட்டினோம். பிறகு, நடவு வேலைக்குப் போகும் ஒரு தாய் நம்மிடம் வந்து, "சாமி, நான் பஸ்சுலதான் போனேன். என் செபத்த மாதா ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டார். மூன்று நாள் கூலியை விட்டால் அவர் வீட்டில் உலை ஏறாது. பக்தியை வளர்ப்பதாக எண்ணி, ஓர் ஏழையின் மனத்தில் பாரத்தை ஏற்றிவிட்டோம்.

உவமையில் வரும் பரிசேயர் பொய் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள், பாவக் கழுவாய் நாளன்று, நோன்பிருக்கவே திருச்சட்டம் கட்டளையிட்டது. அவரோ வாரம் இருமுறை நோன்பிருந்தார். வருவாய் அனைத்திலும் பத்தில் ஒரு பங்கு கொடுத்தார். கடவுளுக்கு நன்றியும் சொன்னார். பிறகு குறை எங்கே? நின்றது கடவுள் முன்னிலையில்; பார்வையோ பின்னால் நின்ற வரிதண்டுபவர் மேல். அளவுகோலைக் கடவுளிடமிருந்து எடுத்து, அடுத்தவரிடம் வைத்துவிட்டார்.

590-இல் திருத்தந்தையான புனித பெரிய கிரகோரியார் செருக்கை நான்கு வகையாகப் பிரித்தார். புனித தாமஸ் அக்குவினாவும் அதை ஏற்று விளக்குகிறார். நன்மை என்னாலேயே வந்தது என்பது முதல் வகை. கடவுள்தான் தந்தார், ஆனால் என் தகுதிக்காகத் தந்தார் என்பது இரண்டாவது. இல்லாத நன்மையை இருப்பதாகப் பெருமை பேசுவது மூன்றாவது. பிறரை இகழ்ந்து, தன்னிடம் மட்டுமே அந்த நன்மை இருப்பதாகக் காட்ட விரும்புவது நான்காவது. பக்தியுள்ளவர்களாகிய நம்மை எளிதில் பிடிப்பவை இரண்டாவதும் நான்காவதும். ஏனெனில், அவை நன்றி செபத்தின் உடையிலேயே வருகின்றன.

இதை நம் வயல்களைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். மேட்டூரில் திறந்த நீர் கல்லணை வந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து பாய்கிறது. தலைமடை வயல் முதலில் நனைகிறது. அது அந்த வயலின் திறமையா? இல்லை, அது இருக்கும் இடம் அப்படி. கடைமடை வயல் காத்திருக்கிறது. அது அந்த வயலின் குற்றமா? இல்லை. தலைமடைக்காரர் மடையை அடைத்துக்கொண்டால் கடைமடையில் பயிர் கருகும்.

சிறுவயதிலேயே செபமாலை சொல்லித் தந்த பெற்றோர், நடக்க வலுவுள்ள கால்கள், விடுப்பு கிடைக்கும் வேலை: இவையெல்லாம் நமக்கு முதலில் பாய்ந்த நீர். இவற்றைப் பெற்ற நாம் தலைமடையில் இருக்கிறோம். அருள் நம்மோடு நின்றுவிடுவதற்காக அல்ல, நம் வழியாகக் கடந்து போவதற்காகவே தரப்படுகிறது.

ஆகவே, நோன்பையோ நடைப்பயணத்தையோ விட்டுவிட வேண்டாம். விட்டுவிட்டு, "நான் அந்தப் பரிசேயர் போல் அல்ல" என்று சொன்னால், அதுவும் பரிசேயரின் செபமே! மாறாக, புறப்படுமுன் வர இயலாத ஒருவரிடம் சென்று, அவருடைய வேண்டுதலைக் கேட்டுச் சுமந்து செல்வோம். யாரும் அறியாத ஓர் உதவியையும் அந்தத் தவத்தோடு சேர்ப்போம். ஒப்புரவு அருட்சாதனத்தில், "யாரைத் தாழ்வாக எண்ணினேன்?" என்ற கேள்வியையும் நம்மிடமே கேட்போம்.

அந்தத் தாயிடம் அன்று நாம் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, மாதா உங்கள் செபத்தை ஏற்றுக்கொண்டார்கள். எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்." கடைமடையிலிருந்து ஒரு செபம் தலைமடைக்குத் தேவைப்பட்டது. வரிதண்டுபவரோடு நாமும் மார்பில் அறைந்துகொண்டு இறைவனின் இரக்கத்தை மன்றாடுவோம். ஆமென்.