உமிழ்நீர் உரைக்கும் உண்மை!

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையிலே மூட்டை சுமக்கும் தோழன் இருமுகிறான். “தவிட்டுத் தூசிதான்” என்கிறார்கள் பக்கத்திலே நிற்பவர்கள். தூசியாகவும் இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். தூசியென்றால் அவனோடு நிற்கும். தொற்றென்றால், மாலையிலே அவனோடு வீட்டுக்கு நடந்து சென்று, அவன் குழந்தையின் நெஞ்சிலும் ஏறி உட்காரும். எது என்று எப்படி அறிவது? சோதனை ஒன்றே வழி!

ஆனால், சோதனை என்றதும் தோழன் தயங்குகிறானே, கோழையா அவன்? இல்லை. 2020ஆம் ஆண்டிலே மூக்கின் ஆழத்திலே குச்சி செலுத்தியது அவனுக்கு நினைவிருக்கிறது. வரிசையிலே நின்றால் அரைநாள் கூலி போகும் என்ற கணக்கும் நினைவிருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் தனியார் சோதனைக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு 4,500 ரூபாய்! எத்தனை நாள் கூலி அது?

எச்சில் என்று முகம் சுளிக்கிறோமே, அந்த எச்சிலே உண்மையைச் சொல்லும் என்கிறது விஞ்ஞானம். கொரோனா வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் பெருகுகிறது. 2020இல் ஹாங்காங்கில், நோய் உறுதியான 12 பேரின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். 11 பேரிடம் கிருமி அகப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், யேல் பல்கலைக்கழகத்தார் வகுத்த உமிழ்நீர்ச் சோதனைக்கு அமெரிக்க அரசு அவசர அனுமதி தந்தது.

நம் நாடு சளைத்ததா? உப்புநீரால் தொண்டையைக் கொப்பளித்துக் குழாயிலே உமிழ்ந்தால் போதும், மூன்று மணி நேரத்தில் முடிவு சொல்லலாம் என்று காட்டியது நாகபுரி ‘நீரி’ ஆய்வு நிறுவனம். 2021 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை ஏற்றது. கொரோனாவோடு முடிந்த கதையுமல்ல. இன்புளூயன்சாவையும் உமிழ்நீரில் கண்டறியலாம் என ஆய்வுகள் காட்டியுள்ளன.

மந்திரமல்ல இது. உணவோ வெற்றிலை புகையிலையோ வாயிலிட்டால், அரைமணி நேரம் பொறுத்தே உமிழ்நீர் தரவேண்டும். ‘கிருமி இல்லை’ என்று முடிவு வந்தாலும், காய்ச்சல் நீடித்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

நாம் கேட்பது இரண்டே! காய்ச்சல் பரவும் காலத்தில் ஆலை வாசலிலேயே உமிழ்நீரைச் சேகரித்து, காவிரிக்கு அக்கரையிலுள்ள திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பட்டும் அரசு. தொற்று என்று தெரிந்தவனுக்குக் கூலியோடு விடுப்புத் தரட்டும் ஆலை முதலாளி. கூலியை வெட்டினால், சோதனைக்கு யார் வருவார்? இருமலை விழுங்கிக்கொண்டு மூட்டை தூக்குவார்கள். நோய் ஊரெங்கும் உலவும்.

தோழர்களே! எச்சிலைத் தர நாம் தயார். கூலியைத் தர அவர்கள் தயாரா?