சேர்வராயன் மலையும் சிறு மகிழ்ச்சிகளும்

சேலத்துத் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கும், ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பி பயிரிடும் விவசாயிக்கும் உறவான சிகரம் ஒன்று உண்டு. 5,300 அடிக்கு மேற்பட்ட அவ்வுச்சியில் சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கின்றனர். வானளாவிய கோபுரம் அங்கே இல்லை. இடுக்கமான, இருள் சூழ்ந்த சிறு குகையே சந்நிதி. ஆண்டுதோறும் மே மாதத்து விழாவிற்கு மலைவாழ் மக்கள் ஊர் ஊராகத் திரண்டு வருகின்றனர். நெசவுக்குப் பேர்போன காஞ்சியிலிருந்து தம் முன்னோர் இம்மலைக்கு வந்தனர் என்று அவர்கள் வழிவழியாகக் கூறிவருவது நம் நெசவாள அன்பர்களுக்கு உவப்பளிக்கும் செய்தியாகும்.

இத்தகைய எளிய இடத்திலே இத்தனை பேர் மனநிறைவு காண்கையில், நம்மிற் பலர் மகிழ்ச்சியை ஏன் ஒத்திப் போடுகிறோம்? “மகள் திருமணம் முடியட்டும், மச்சு வீடு எழும்பட்டும்” என்கிறோம். நாள்தோறும் வாயிற்படிக்கு வரும் இன்பத்தைக் கவனியாமலே திருப்பி அனுப்புகிறோம்.

காப்பிச் செடியைப் பாருங்கள். 1820-ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலையில் பரவச் செய்த பயிர் அது. கோடை மழை பெய்த எட்டுப் பத்து நாட்களில் தோட்டமெங்கும் வெள்ளை மலர் பூத்து, மல்லிகையைப் போல் மணக்கும். இரண்டு மூன்று நாட்களில் அது வாடிவிடும். பழம் சிவக்கக் கார்த்திகை, மார்கழி ஆகும். அறுவடைப் பணத்தையே எண்ணிக் கிடப்பவர் அந்த மணத்தை இழக்கிறார். அதற்காக விளைச்சல் ஒரு படிகூட மிகுவதில்லை.

தறியிலும் அப்படியே. விடியற்காலையில் தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கையில் அண்டை வீட்டார் கைகொடுக்க வருகின்றனர். இழை அறுந்தால் ஒருவர் முடிகிறார். மற்றொருவர் கதை சொல்கிறார். புதிய பாவில் முதற் சாண் நெய்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று கூடித் துலங்குகின்றன. அவ்வழகை முதலிற் காணும் கண் நெய்தவருடையதே. உடுத்துபவருக்கு அது பிறகுதான் கிட்டுகிறது.

ஆயினும், அரை வயிற்றுக் கஞ்சி குடிப்பவரிடம் பூவின் மணத்தை நுகர்ந்து திருப்தியடையச் சொல்வது அறமாகாது. நியாயமான கூலியும் விலையும் கேட்டுப் பெற வேண்டியவையே. கடன்காரன் வாயிலில் நிற்கையில் எம்மலரும் மணக்காது. 1904-ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் தமிழகத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. கந்துவட்டியின் பிடியிலிருந்து உழைப்பாளியை விடுவிப்பதே கூட்டுறவுக் கடன் இயக்கத்தின் நோக்கம். கடன் சுமை குறைந்தால் மனம் இலேசாகிறது. இலேசான மனத்திற்கே சிறு இன்பம் புலப்படுகிறது.

ஆதலின் அங்கத்தினர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: ஒரு நாள் ஆடம்பரத்திற்காகப் பல்லாண்டுக் கடனை ஏற்காதீர்கள். அப்பணத்தின் ஒரு பகுதியைச் சங்கத்தில் சேமியுங்கள். மாலையில் அரை மணி நேரம் தறியையும் மண்வெட்டியையும் ஓய விட்டு, திண்ணையில் குழந்தைகளுடன் அமருங்கள். அதற்கு வட்டியும் இல்லை, ஜாமீனும் வேண்டியதில்லை.