த* என்றால் தகர வரிசை

பினாங்குத் தண்ணீர்மலையில் ஆண்டுதோறும் எடுத்த தைப்பூசப் படங்களை ஒருவர் ஒரே கோப்புறையில் போட்டு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். காவடி-2019-01, ரதம்-2023-04 என்று ஆயிரக்கணக்கான பெயர்கள். லினக்ஸ் கணினியின் கட்டளை வரியில் 'எல்எஸ்' என்று தட்டினால் அத்தனையும் திரையில் ஓடி மறையும். வேண்டியதை மட்டும் வரவழைப்பது எப்படி?

எல்எஸ் கட்டளையை அடுத்து காவடி-2019-* என்று எழுதினால் அந்த ஆண்டின் காவடிகள் மட்டும் வரும். நட்சத்திரக் குறியின் இடத்தில் எத்தனை எழுத்தும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கு இடம் விடும். காவடி-201[89]-* என்றால் 2018, 2019 ஆகிய இரண்டும் வரும். புள்ளியில் தொடங்கும் பெயர்களை மட்டும் நட்சத்திரம் தொடாது. அவை மறைவாக இருக்கவேண்டியவை என்பது யூனிக்ஸ் மரபு.

இப்படிப் பொறுக்கி எடுப்பது எல்எஸ் அல்ல, நாம் தட்டுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் ஷெல். அதுதான் பொருந்தும் பெயர்களைத் திரட்டி எல்எஸ்ஸின் கையில் கொடுக்கிறது. 1970களின் தொடக்கத்தில், பெல் ஆய்வுக்கூடத்து யூனிக்ஸில், இதற்கென்றே 'குளோப்' என்ற தனி நிரல் இருந்தது. டாஸில் வழக்கம் வேறு: 'டிர்' கட்டளை நட்சத்திரத்துக்குத் தானே பொருள் கொள்ளும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'தைப்பூசம்' நமக்கு ஐந்து எழுத்து. ஆனால் ஐந்து கேள்விக்குறி இட்டால் அது அகப்படாது, ஒன்பது வேண்டும். யூனிகோட் முறையில் தகரம் ஒரு குறி, அதன் ஐகாரக் கொம்பு இன்னொரு குறி. மெய்யின் புள்ளியும் தனிக் குறிதான். இதில் ஒரு நன்மையும் உண்டு. கொம்பு எழுத்துக்கு முன்னால் தெரிந்தாலும் நினைவகத்தில் பின்னால்தான் நிற்கிறது. ஆகவே த* என்று கேட்டால் தண்ணீர்மலை, தேர், தைப்பூசம் என்று தகர வரிசை முழுவதும் வந்து நிற்கும்.

கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளைக்கும் ஷெல் இதே பட்டியலைத்தான் கொடுக்கிறது. அதில் அழிந்த படம் குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, போனது போனதுதான். அதனால் அழிக்குமுன் அதே குறிகளை எல்எஸ்ஸுக்குக் கொடுத்து, எந்தப் பெயர்கள் வருகின்றன என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.