இரண்டு மாதம் கதவடைக்கும் மலை

மதுக்கரையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு மளிகைச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளில் அடியேனும் ஒருவன். ஆண்டுதோறும் பிப்ரவரி பிறந்தால் அங்கிருந்து வரும் ஆர்டர் குறையும், நிலுவையும் தள்ளிப் போகும். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "ராஜமலை அடைச்சாச்சு அண்ணாச்சி." ஆடு குட்டி போடுவதற்கு நம் வியாபாரம் படுக்க வேண்டுமா என்று நானும் பல வருடம் சலித்துக் கொண்டவன்.

இரவிகுளம் தேசியப் பூங்காவில் பொதுமக்கள் போய்ப் பார்க்க அனுமதியுள்ள ஒரு மூலையின் பெயர்தான் ராஜமலை. பூங்காவின் மொத்தப் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். இமயத்துக்குத் தெற்கே மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் இருக்கிறது. முன்பு தேயிலைக் கம்பெனித் துரைமார்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த புல்மலை இது. 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டுத் தோட்ட நிலங்களை எடுத்துக் கொண்டது. 1975-ல் இவ்விடம் சரணாலயமாகி, 1978-ல் கேரளத்தின் முதல் தேசியப் பூங்காவானது.

எல்லாம் வரையாட்டுக்காக. பழைய நூல்களில் வருடை என்று வரும் இந்த ஆடு, நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. 2025-ல் இரு மாநிலமும் சேர்ந்து கணக்கெடுத்ததில் மொத்தம் 2,668. கேரளத்தில் 1,365, நம்மிடம் 1,303. இரவிகுளத்தில் மட்டும் 841. ஒரு தாய் பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும். அதிலும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் போனது போக மிஞ்சுவதுதான் கணக்கு. சரக்கு இருப்பு இவ்வளவுதான் என்று தெரிந்தால் நாமும் விதைச் சரக்கில் கை வைக்க மாட்டோமல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் வசூலுக்குப் போனபோது, ஒரு வாடிக்கைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஆடு இருந்தாத்தான் பஸ் வரும், பஸ் வந்தாத்தான் கடை. ரெண்டு மாசம் அதுக்கு, பத்து மாசம் நமக்கு." அவர் பிப்ரவரிக்கு முன்பே கொள்முதலைக் குறைத்து விடுவார். அந்த இரண்டு மாதத்தில் கடைக்கு வெள்ளையடிப்பு, சொந்த ஊர்க் கல்யாணம், பழைய பாக்கி வசூல். பள்ளிப் பரீட்சைக் காலம், எப்படியும் குடும்பக் கூட்டம் வராது. சலித்துக் கொண்டது நான்தான், அவரல்ல!

இங்கே நீலகிரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2024 மே 7 முதல் அங்கே இ-பாஸ் வந்தது. 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர்நீதிமன்றம் அளவு வைத்தது. ஏப்ரல் 2-ம் தேதி அங்குள்ள வணிகர்கள் கடையடைத்தார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. வருடம் முழுவதற்குமான வருமானம் வரும் சீசன் அது. சரக்கெல்லாம் வாங்கி அடுக்கிய பிறகு கட்டுப்பாடு வந்தால் யார்தான் தாங்குவார்? ஆனால் மலை தாங்கும் அளவென்று ஒன்று இருப்பதும் பொய்யல்ல. இரவிகுளத்தில் கட்டுப்பாடு ஏறக்குறைய அதே மாதங்களில் ஆண்டுதோறும் வருவதால் வியாபாரி தன் கணக்கை அதற்கேற்பப் போட்டுக் கொள்கிறார். நம் சங்கம் அரசிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான். கட்டுப்பாடே வேண்டாம் என்பதல்ல, ஆறு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள் என்பது.

போன முறை பேரப் பிள்ளைகளோடு ஏப்ரல் கடைசியில் போனேன். சொந்த வண்டியை வாசலில் விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் மேலே போக வேண்டும். பாதை ஓரத்திலேயே தாய் ஆடுகள், கூடவே முட்டி மோதும் குட்டிகள். ஐந்து அடி தூரத்தில் நின்றும் பயந்து ஓடவில்லை. பேத்தி பிஸ்கட்டை நீட்டப் போக, காவலர் அதட்டினார். பிஸ்கட் நம் கடைச் சரக்குத்தான், இருந்தாலும் அவர் செய்தது சரி.

போக விரும்பும் உறுப்பினர்கள் திறக்கும் தேதியை விசாரித்துக் கொண்டு புறப்படவும். சின்னாறு வழியில் யானை நடமாட்டம் உண்டு, இருட்டுவதற்குள் கடந்து விடவும்.