நாடிச் சுவரில் முளைக்கும் கோரை

இணுவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தகப்பனார் தோட்டக்காரர், நீரிழிவுக்காரர், சுருட்டுக்காரரும்கூட. போன வருசம் தொடை நாடியில் அடைப்பு என்று கொழும்பில் பலூன் செலுத்தி விரித்துவிட்டார்கள். எட்டு மாதம் நன்றாக நடந்த மனிதர், இப்போது கோயில் வீதியைச் சுற்றிவர முன்னமே கெண்டைக்கால் இறுகி நின்றுவிடுகிறாராம். கனடாவில் இருக்கும் சித்தப்பா வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பி, "மருந்து பூசின பலூன் வந்திருக்கு. அதைப் போட்டால் திரும்ப அடைக்காது. காசை நான் அனுப்புறன்" என்கிறார். இது உண்மையோ என்று மகள் கேட்கிறார்.

பாதி உண்மை. மற்றப் பாதியைச் செய்தி எழுதியவர் விட்டுவிட்டார்.

முதலில் ஒன்று: பழைய அடைப்புத் திரும்பி வரவில்லை. பழையது கொழுப்பும் கல்சியமும் பல வருசமாய்ப் படிந்து உண்டானது. எட்டு மாதத்தில் வந்தது நாடியின் சொந்தத் தசை. பலூனைப் பல வளிமண்டல அமுக்கத்தில் ஊதும்போது படிவு வெடிக்கிறது, சுவர் கிழிகிறது, அதன் உட்புறத்தை மூடியிருக்கும் அகவணி உரிந்துபோகிறது. கிழியாமல் நாடி விரியாது. ஆகவே, நாம் சிகிச்சை என்று சொல்வதை நாடி காயம் என்றே எடுத்துக்கொள்கிறது.

அகவணி ஒற்றைக் கலப்படைதான். ஆனால் அது ஓயாமல் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரந்து, கீழே இருக்கும் மழமழப்பான தசைக் கலங்களை அடக்கிவைத்திருக்கிறது. அந்தக் காவல் போய், குருதிச் சிறுதட்டுகள் வந்து ஒட்டி, தங்கள் வளர்ச்சிக் காரணிகளை அவிழ்த்துவிட்டதும் நடப்பதுதான் எனக்கு ஆகப் பிடித்த இடம். அதுவரை சுருங்குவதையும் விரிவதையும் தவிர வேறொன்றும் செய்யாதிருந்த தசைக் கலம் தொழிலை மாற்றிக்கொள்கிறது. சுருங்குவதற்கான புரதங்களைக் கைவிடுகிறது, கிழிந்த மீள்படலத்துக்குள்ளால் ஊர்ந்து உட்பக்கம் வருகிறது, பிரிந்து பெருகுகிறது, தன்னைச் சுற்றி நார்ப்பொருளைச் சுரந்து தள்ளுகிறது. இதயத் தசைக் கலத்தால் இப்படி வேசம் மாற்ற முடியாது. நாடித் தசைக் கலத்துக்கு அது கைவந்த கலை. சில மாதங்களில் உட்சுவர் தடித்து வழி ஒடுங்குகிறது. வெளிச்சுவரும் தழும்பேறிச் சுருங்கினால் ஒடுக்கம் இரட்டிப்பாகும்.

தோட்டக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். வாய்க்கால் தூர்ந்து, கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகவில்லை. மண்வெட்டியால் அகலமாக வெட்டிவிடுகிறீர்கள். அன்றைக்குத் தண்ணீர் நன்றாய்ப் பாயும். ஆனால் வெட்டியபோது வரம்பைப் பிடித்து நின்ற அறுகு போய்விட்டது. மண்ணுக்குள் கிடந்த கோரைக்கிழங்கு துண்டுபட்டுவிட்டது. துண்டுபட்ட கோரை சும்மா கிடக்குமா? அடுத்த சில இறைப்புக்குள் வாய்க்கால் நிறையக் கோரை. சரி, வெட்டும்போதே களைநாசினியைப் பூசிவிட்டால்? அதுதான் மருந்துப் பலூன். கோரை அடங்கும், அறுகும் முளைக்கப் பிந்தும். வேடிக்கை என்னவென்றால், பேர்போன ஒரு பலூனில் மருந்தோடு கலந்திருப்பது யூரியா! களைநாசினியோடு பசளை. தோட்டத்தில் இதைச் செய்தால் ஊர் சிரிக்கும். நாடியில் அது பசளையல்ல. நீரில் உடனே கரைந்து, கொழுப்பில் மட்டும் கரையும் மருந்தைச் சுவரில் இறக்கிவிடுவதே அதன் வேலை. இதற்குமேல் உவமையை இழுத்தால் வரம்பு உடையும்.

மருந்தின் பெயர் பக்லிடாக்செல். வட அமெரிக்கப் பசுபிக் கரையோர 'யூ' மரத்தின் பட்டையில் கண்டெடுத்த புற்றுநோய் மருந்து. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கக் கதிர் ஒன்று அமைகிறது அல்லவா? அதன் நுண்குழாய்கள் ஓயாமல் கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் கொண்டிருக்கவேண்டும். பக்லிடாக்செல் அவற்றைக் கலையவிடாமல் உறையவைக்கிறது. பிரிவு நடுவழியில் நின்றுபோகிறது. பலூன் சுவரை அழுத்தி நிற்பது இரண்டு மூன்று நிமிடம். பூசிய மருந்தில் பெரும்பகுதி குருதியோடு போய்விடும். மிஞ்சியது நுண்பளிங்குகளாய்ச் சுவரில் தங்கி வாரக்கணக்கில் வேலை செய்கிறது.

வரலாற்றுக்கும் ஒரு பந்தி கொடுத்தாக வேண்டும். 1964 சனவரியில் அமெரிக்காவின் போட்லன்டில் சாள்ஸ் டொட்டர், காலை அகற்ற மறுத்த 82 வயது மூதாட்டியின் தொடை நாடியைக் குழாய் செலுத்தி விரித்தார். 1974இல் சூரிச்சில் அன்ட்ரியாஸ் குருன்ட்சிக் அதற்குப் பலூனைக் கொண்டுவந்தார். இதயத்துக்குப் போனது 1977இல். ஆக, கால்தான் மூத்தது. பேரும் புகழும் இதயத்துக்குப் போய்விட்டன.

இனி, விட்டுப்போன பாதி. தொடை நாடியில் மருந்துப் பலூனைச் சோதித்த பெயர்பெற்ற ஆய்வொன்றில், ஒரு வருசத்தின் பின் 82 வீதமான நாடிகள் திறந்திருந்தன. சாதாப் பலூனில் 52 வீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் ஆய்வுக்குக் காசு போட்டது பலூன் செய்த கம்பனி, அளந்தது நாடியை. 2018 இறுதியில் ஒரு தொகுப்பாய்வு, மருந்து பெற்றவர்களில் மரணம் கூடுதலோ என்று கிளப்பிவிட, பல நாடுகளின் வைத்தியர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். 2023இல் அமெரிக்க மருந்து நிருவாகம் அப்படியொரு ஆபத்துக்கு ஆதாரமில்லை என்றது. கம்பனிகள் மூச்சுவிட, 2025இல் சுவீடனின் பெரிய ஆய்வு வந்தது. மருந்து பூசியதால் கால் கழட்டுவது குறையவில்லை. நடக்கையில் வலிக்கும் நோயாளரின் வாழ்க்கைத் தரமும் உயரவில்லை. நாடி திறந்திருப்பது வேறு, கால் தப்புவது வேறு என்பதை நாடிப் படம் காட்டாது.

இன்னொன்று. நீரிழிவு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயுள்ள மெல்லிய நாடிகளைத்தான் பிடிக்கும். அங்கே பாவித்த ஒரு மருந்துப் பலூனை, பலன் தெரியாததோடு கால் அகற்றுவது கூடுவதுபோலவும் தெரிந்ததால், 2013இல் கம்பனியே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. நாடியை விரித்துத் தாங்கிப் பின் தானே கரைந்துபோகும் மருந்துச் சட்டகம் ஒன்று 2024இல் முழங்காலுக்குக் கீழே பாவிக்க அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. 261 பேரில் செய்த ஆய்வு. நம்பிக்கை தருகிறது, அவ்வளவுதான். கரையாத உலோகச் சட்டகமான ஸ்டென்ட்டோ எங்கள் ஊர்க் காலுக்கு அவ்வளவு தோதில்லை. சம்மணம் கட்டி, குந்தியிருந்து வெங்காயம் பிடுங்கும் முழங்காலுக்குப் பின்னால் அது வளைந்து வளைந்து முறியலாம்.

மகளுக்கு என் பதில்: எந்த நாடி, எவ்வளவு நீளம் என்று தெரியாமல் சித்தப்பாவின் காசை வாங்கவேண்டாம். அதற்கு முன்னம் வைத்தியரிடம் சிலோஸ்டசோல் என்ற பழைய குளிசையைப் பற்றிக் கேளுங்கள். ஜப்பானிய ஆய்வொன்றில், பலூன் சிகிச்சைக்குப்பின் ஒரு வருசத்தில் நாடி மறுபடி ஒடுங்கியவர்கள் அதை எடுத்தோரில் 20 வீதம், எடுக்காதோரில் 49 வீதம். இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. கொழுப்புக் குளிசையும் அஸ்பிரினும் நிற்கக்கூடாது. வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சிக்குச் செலவே இல்லை. சுருட்டை மட்டும் விட்டேயாகவேண்டும். புகையிலையால் கல்வீடு கட்டிய ஊரில் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனால் புகைப்பவரின் அகவணி சரியாக ஆறாது, எந்தப் பலூன் போட்டாலும்.

மற்றவர்களும் கேளுங்கள். கம்பஹா மாவட்டத்தில் 40 முதல் 74 வயது வரையானோரில் 3.6 வீதமானவர்களுக்குக் கால் நாடி நோய் இருந்தது. கிளினிக்குக்குப் போனால் சீனியின் அளவோடு திரும்பாமல் செருப்பைக் கழற்றிப் பாதத்தில் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையின் அமுக்கத்தால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் கால் நாடி ஒடுங்கியிருக்கிறது. நீரிழிவுக்காரரில் நாடி கல்சியமேறி இறுகுவதால் அந்த எண் பொய்யாய்க் கூடிக் காட்டும். அவர்களுக்குக் காற்பெருவிரலில் அளப்பதே நம்பகமானது.