ஏரிக்கரையிலிருந்து ஒரு கப்பல் கனவு

ஜோகுபாளையத்துக்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் அல்சூர் ஏரிதான். கப்பலேற வேண்டுமானால் சுமார் 350 கி.மீ. தள்ளி, சென்னைக்குப் போக வேண்டும். 2022 ஜூனில் அங்கிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' புறப்பட்டபோது ஊட்டி, கொடைக்கானலுக்குப் போட்டியாகக் கடலும் வந்து சேர்ந்தது.

கப்பலை எப்படித் தேர்ந்தெடுப்பது? அப்பா கட்டணத்தைப் பார்ப்பார், அம்மா சாப்பாட்டை. பதினைந்து வயதுப் பிள்ளையின் கவலையே வேறு: பெற்றோர் கண்ணில் படாமல் பொழுதைப் போக்க இடம் உண்டா? யோசித்தால், சரியான கேள்வி இதுதான்.

ஏனென்றால் விளம்பரத்தில் உள்ள ஊர்களை நம்ப முடியாது. எம்பிரஸின் முதல் பயணத் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதாக எதிர்ப்பு கிளம்ப, அனுமதி கிடைக்கவில்லை. ஊர் கைவிட்டால் மிஞ்சுவது கப்பல் மட்டுமே. சூதாட்டக் கூடமோ சிறுவர்களுக்குக் கிடையாது.

எம்பிரஸ் 1990ல் பிரான்சில் கட்டப்பட்டது. 2024ல் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனாலும் நீச்சல் குளமும் பாறையேற்றச் சுவரும் உண்டு. சின்னக் கப்பலில் பெற்றோருக்கு ஒரு வசதி: காணாமல் போன பிள்ளையை அரைமணியில் கண்டுபிடித்துவிடலாம்.

அறை விஷயம்தான் சிக்கல். நாலு பேர், ஒரே குளியலறை. பால்கனி வைத்த ஓர் அறையா, ஜன்னலே இல்லாத இரண்டு அறைகளா? பிள்ளைகளைக் கேட்டால் ஜன்னல் வேண்டாம் என்பார்கள்.